பறவைகளின் ஊரில் ஒரு கோப்பை

கால்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. மாமியாரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற நல்ல வழக்கம் அவருக்கு உண்டு. ஆகையால் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டார்.

சிரிக்கட்டும். ஒரு பந்துக்காக 22 பேர் அடித்துக் கொள்வானேன், ஆளுக்கொரு பந்து வாங்கிக் கொடுத்துவிட்டால் சண்டை தீர்ந்ததே என்று ஒரு காலத்தில் நானும் பேசியவள்தான். அப்படிப் பேசியவளை மாற்றியது ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் பிறந்த ஒரு ஸ்திரீ.

என் பெண் குடித்தனம் செய்வது போர்ச்சுகல் தேசத்தில், போர்ட்டோ நகரத்தில். 2018-ம் வருஷம் மே மாதம் முதல் தடவையாக அங்கே போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரன் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவான். அப்போது அவனுக்கு எட்டு வயசு. மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளை எண்ணுவதுதான் எனக்கு உத்தியோகம்.

ஒரு நாள் சாயங்காலம் பேரனோடு படியேறிக் கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மாள் எதிரே வந்தாள். என் வயசுதான் இருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நூல் புடவையைத்தான் பார்த்தாள். சட்டென்று தலைப்பின் ஓரத்தைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கி, விரல் நுனியால் இழைகளைத் தடவி ஏதோ கேட்டாள். நான் திகைத்துப் போய்ப் பேரனைப் பார்த்தேன்.

"பாட்டி, இது கையாலே நெய்ததான்னு அவோ கேட்கிறாங்க. அவங்க முப்பது வருஷம் நெசவு மில்லிலே இருந்தாங்களாம்" என்றான்.

'அவோ' என்றால் போர்ச்சுகீசிய பாஷையில் பாட்டி. எனக்கும் அவளுக்கும் பொதுவான பாஷை கிடையாது. ஆனால் பொதுவாக ஒரு பேரன் கிடைத்தான், துணியும் கிடைத்தது. சிநேகத்துக்கு அவ்வளவு போதாதா?

அவோவின் பிறந்த ஊர் விலா தாஸ் ஆவெஸ். பேரன் முதலில் "அவோ ஆவெஸ்காரங்க" என்றபோது, "ஆவேசமா? யாருக்கு?" என்று நான் பதற, அவன் தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். ஆவெஸ் என்றால் பறவைகள் என்று பொருளாம். ஊர்ப்பெயர் என்னவோ பறவையினால் வந்ததல்ல. பக்கத்தில் ஓடும் ஆவெ நதியினால் வந்தது. போர்ட்டோவிலிருந்து கிமராயிஸ் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அந்த ஊரில் இறங்கலாம். ஜனத்தொகை 8,000 சொச்சம். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பஞ்சும் நூலும் துணியுமாகப் பிழைத்த சீமை.

அந்த ஊருக்கு ஒரு கால்பந்து கிளப் உண்டு. 1930-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி ஆரம்பித்தது. சிவப்பும் வெள்ளையும் அதன் நிறம். அவோ தன் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே அதன் கதையைச் சொல்வாள், பேரன் தமிழ்ப்படுத்துவான். நம் வீடுகளில் பாட்டிமார் குடும்ப வரலாறு சொல்வதில்லையா, அதே தோரணைதான். யார் பிறந்தது, யார் போனது, எந்த வருஷம் கஷ்டம், எந்த வருஷம் விசேஷம் என்று வரிசையாக வரும்.

கிளப் ஆரம்பித்து 55 வருஷம் கழித்து, 1985-ல்தான் தேசத்தின் முதல் பிரிவில் ஆட இடம் கிடைத்ததாம். ஏறிய வருஷமே கீழே இறங்கிவிட்டார்கள். 2000-ல் மறுபடி ஏறினார்கள்; அந்தத் தடவையும் ஒரே வருஷம்தான். 2006-ல் மூன்றாம் முறை ஏறினார்கள். மூன்றாம் முறையும் ஒரே வருஷத்தில் இறங்கினார்கள். 2017-ல் நாலாவது முறை.

"விருந்தாளி மாதிரி போய்ப் போய் வந்திருக்கிறார்களே!" என்றேன்.

பேரன் அதைச் சொன்னதும் அவோ கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "விருந்துக்கு அழைப்பு வருவதே எங்களுக்குப் பெரிசு" என்றாள்.

ஊர் மைதானம் திறந்தது 1981 டிசம்பரில். அதே வருஷம்தான் அவோவுக்குக் கல்யாணம். புருஷனும் மில் தொழிலாளி. இருவரும் கிளப்பில் அங்கத்தினர்கள். சம்பளம் வந்ததும் முதலில் ரொட்டிக் கடைக்கு, அப்புறம் கிளப் சந்தாவுக்கு, மிச்சம்தான் மற்றதற்கு என்று குடித்தனம் நடத்தினார்களாம். பிற்பாடு மில் மூடியது. வெளிநாட்டுத் துணிகளுக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு 2005-ல் நீங்கியபோது அந்தப் பள்ளத்தாக்கில் பல தறிகள் ஓய்ந்துவிட்டன. கணவரும் காலமானார். மகனோடு போர்ட்டோவுக்கு வந்து சேர்ந்தாள். ஊரில் அவளுக்கென்று மிஞ்சியது கல்லறையில் ஓர் இடமும் கிளப் சந்தாச் சீட்டும்தான்.

நான் போயிருந்த அந்த மே மாதத்தில் அதிசயம் ஒன்று நடந்தது. 'போர்ச்சுகல் கோப்பை' என்று ஒரு போட்டி உண்டு. பெரிய கிளப், சின்ன கிளப் எல்லாம் அதில் மோதலாம். அதன் இறுதிப் பந்தயத்துக்கு அவோவின் ஊர்க் கோஷ்டி வந்துவிட்டது! கிளப் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. எதிரே நிற்பது லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங்; போர்ச்சுகலின் மூன்று பெரிய கிளப்புகளில் ஒன்று.

பந்தயம் மே 20-ந் தேதி, லிஸ்பனுக்குப் பக்கத்தில் ஜாமோர் என்ற இடத்தில். 1944-ல் கட்டிய தேசிய அரங்கம் அங்கே இருக்கிறது. சுற்றிலும் மரத்தோப்பு. பந்தயத்தன்று குடும்பம் குடும்பமாக வந்து, தோப்பில் துணி விரித்து, அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். "நம்ம சித்ரான்னக் கூட்டாஞ்சோறு மாதிரியா?" என்று கேட்டேன். "ஆமாம் பாட்டி, ஆனா சித்ரான்னம் இருக்காது" என்றான் பேரன். அவோ மூன்று சோள ரொட்டியும் ஒரு கூடை சாமானும் எடுத்துக்கொண்டு, 300 கிலோமீட்டர் பிரயாணத்துக்கு விடியற்காலையிலேயே பஸ் ஏறினாள்.

நாங்கள் வீட்டிலிருந்தபடி டெலிவிஷனில் பார்த்தோம்.

ஸ்போர்ட்டிங் ஆட்டக்காரர்கள் அன்று முகம் வாடித்தான் வந்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்புதான், அவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குள் முகமூடி போட்ட கூட்டம் ஒன்று புகுந்து அவர்களை அடித்திருந்தது. அடித்தவர்கள் வேறு யாருமல்ல, அவர்களுடைய கிளப்பின் ரசிகர்களே! அபிமானம் தலைக்கேறினால் எப்படி விஷமாகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

16-வது நிமிஷம் ஆவெஸ் ஒரு கோல் போட்டது. போட்டவர் அலெக்ஸாந்த்ரே கெதெஸ். சின்ன வயசில் ஸ்போர்ட்டிங்கின் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளை அவர். 72-வது நிமிஷம் அவரே இன்னொன்று போட்டார். 85-வது நிமிஷம் ஸ்போர்ட்டிங் ஒன்று திருப்பியது. கடைசி ஐந்து நிமிஷம் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவெஸின் கோல் கீப்பர் கிம் என்பவருக்கு வயசு 42. இந்த வயசில் அந்த மனுஷர் விழுந்து விழுந்து எழுந்திருப்பதைப் பார்க்க எனக்கே முழங்கால் வலித்தது.

"ரெண்டுக்கு ஒண்ணு! பாட்டி, ஆவெஸ் ஜெயிச்சாச்சு!" என்று பேரன் சோபாவில் குதித்த குதியில் ஒரு கால் உடைந்தது. சோபாவின் கால்தான்.

மறுநாள் அவோ திரும்பி வந்தாள். தொண்டை கட்டிப் போய்ப் பேச்சே வரவில்லை. பெட்டியிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பழைய கழுத்துத் துணியை எடுத்துப் பேரன் கழுத்தில் சுற்றினாள். முதல் தடவை கிளப் மேலே ஏறிய 1985-லிருந்து அவள் கணவர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் போட்டுக்கொண்டு போன துணி அது. இரண்டு இடத்தில் அவளே இழை எடுத்துத் தைத்திருந்தாள்.

அந்த ஜூன் மாதம் எங்களை ஊருக்கு அழைத்துப் போனாள். நதியையும் மைதானத்தையும் மூடிக் கிடந்த மில்லையும் காட்டினாள். கோப்பை வந்த பூரிப்பு ஊரில் அப்போதும் தீரவில்லை. ரொட்டிக் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே ஒரு விரிசல் இருந்தது. எனக்கு அது பின்னால்தான் புரிந்தது. அதை வாசகிகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

போர்ச்சுகலில் 2013-ல் ஒரு சட்டம் வந்தது. மேலேயுள்ள இரண்டு பிரிவுகளில் ஆடும் கிளப் எதுவானாலும், கால்பந்தைத் தனிக் கம்பெனியாக்கித்தான் நடத்த வேண்டும். கிளப் விரும்பினால் கம்பெனி முழுவதையும் தானே வைத்துக்கொள்ளலாம். பணம் வேண்டுமென்றால், பங்குகளில் பத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கியை வெளியாருக்கு விற்கலாம் என்று அந்தச் சட்டம் அப்போது அனுமதித்தது. சின்ன ஊர்க் கிளப்புக்குப் பணம் ஏது? ஆவெஸ் கம்பெனியின் பெரும் பங்கு வெளிநாட்டு முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. சட்டையும் நிறமும் பழையவை. பெட்டிச்சாவி மட்டும் வேறு ஆளிடம்.

கோப்பை ஜெயித்தவர்கள் மறு வருஷம் ஐரோப்பியப் போட்டியில் ஆடியிருக்கலாம். அதற்கு வேண்டிய அனுமதிப் பத்திரம் ஆவெஸிடம் இல்லை. அந்த வாய்ப்பு நழுவியது. 2018 ஆகஸ்டில் லீக் சாம்பியனான போர்ட்டோவோடு ஒரு விசேஷப் பந்தயம் ஆடி, முதல் கோலைத் தாங்களே போட்டும், 3-1 என்று தோற்றார்கள். அடுத்த வருஷம் எப்படியோ பிழைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் எல்லாம் சரிந்தது.

2020 பிப்ரவரியில் நான் மறுபடி போர்ட்டோ போனேன். மார்ச்சில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. விமானம் இல்லை, நான் அங்கேயே தங்கிவிட்டேன். பந்தயங்களும் நின்று, ஜூன் மாதம்தான், பார்ப்பவர்கள் யாருமின்றித் திரும்ப ஆரம்பமாயின. ஆவெஸ் கடைசி இடத்தில் கிடந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. பலர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார்கள். ஆட்டத்தில் அடிபட்டால் காப்பாற்றும் இன்ஷ்யூரன்ஸுக்குக் கூடப் பணம் கட்டவில்லை என்று ஜூலையில் தெரிந்தது. கோப்பை வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது!

பேரனுக்கு அப்போது பத்து வயசு. சிநேகிதப் பையன்கள் கேலி செய்தார்களாம். ஒரு நாள் அந்தக் கழுத்துத் துணியைப் பழந்துணிப் பையில் போட்டுவிட்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இது ஒரு மனுஷருடைய ஞாபகம், எடுத்து வை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "போகட்டும். போர்ட்டோ இந்த வருஷம் சாம்பியனாமே. ஜெயிக்கிற கட்சியோடு இருந்துவிட்டுப் போ. நமக்கு எதற்கு வம்பு?" என்றேன். அதோடு விட்டேனா? துணி கனமாக இருக்கிறதே என்று எடுத்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக வைத்துக்கொண்டேன்.

ஜூலை 21-ந் தேதி ஆவெஸ் தன் சொந்த மைதானத்தில் பென்பிகாவோடு ஆட வேண்டும். கோஷ்டி வராது என்று கம்பெனி சொல்ல, கடைசியில் எப்படியோ ஏற்பாடாகிப் பந்தயம் நிச்சயமாயிற்று. எங்கள் வீட்டு டெலிவிஷனில் பணம் கட்டிப் பார்க்கும் சானல் உண்டு. அவோ முகத்தில் துணிக் கவசத்தோடு மாடியேறி வந்தாள். கையில் கொண்டு வந்த சோள ரொட்டியை வைக்க நேரே சமையலறைக்குள் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

அடுப்பு மேடையில், சாம்பார்க் கறையும் கரியுமாக, ஓர் ஓரம் பொசுங்கி, அந்தத் துணி கிடந்தது. அவோ அதைக் கையில் எடுத்தாள். முதல் நாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்தது போலவே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பொசுங்கிய இடத்தை விரலால் தடவினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவள் பாஷை தெரிந்திருந்தாலும் சொல்வதற்கு என்ன இருந்தது? துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு டெலிவிஷன் முன் உட்கார்ந்தாள். பேரன் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஆட்டம் தொடங்க விசில் ஊதினார்கள். ஆவெஸ் ஆட்டக்காரர்கள் நகரவில்லை. முதல் ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே சிலை மாதிரி நின்றார்கள். கூலி கொடுக்காததற்கு அது அவர்களுடைய ஆட்சேபம். காலி மைதானம், அசையாத மனிதர்கள். அவோவும் எழுந்து நின்றாள். மில்லில் வேலைநிறுத்தம் செய்த நாட்களில் தறி முன்னால் இப்படித்தான் கைகட்டி நிற்போம் என்று பின்னால் சொன்னாள். பேரனும் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். நானும் நின்றேன்.

நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். அந்தக் கோடையிலேயே தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் அனுமதியும் போயிற்று. மூன்றாவது படிக்குத் தள்ளப்பட்ட கோஷ்டி அங்கேயும் ஆடாமலே கலைந்தது. கோப்பை ஜெயித்த கம்பெனியின் கதை முடிந்தது. ஊர்க்காரர்கள் பெயரோடு '1930' என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டு, போர்ட்டோ மாவட்டப் போட்டிகளின் அடித்தட்டில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவோ துணியைக் கொண்டு வந்தாள். கறையில்லாமல் துவைத்து, பொசுங்கிய இடத்தில் புது நூல் கோத்து அடைத்திருந்தாள். அன்று அவள் மகனும் கூட இருந்தார். "கிளப்பே இல்லை, இன்னும் எதற்கம்மா சந்தா?" என்று அவர் கேட்டதை வைத்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் காலையிலிருந்து தர்க்கமாம்.

அவோ பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் துணியை விரித்தாள்.

"இந்த நீள நூல் இருக்கிறதே, இது பாவு. தறியில் முதலில் இதைத்தான் கட்டுவோம். குறுக்கே ஓடுவது ஊடை. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். ஊடை நூல் தீர்ந்தால் வேறு நூல் மாற்றுவோம். ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். பணக்காரர்களும் அப்படியே. சந்தா கட்டுகிறவர்கள் பாவு. பாவு அறுந்தால் தறியை நிறுத்த வேண்டியதுதான். மகன் கேட்கிறான், எதற்குச் சந்தா என்று. நான் ஒரு நூல். அதற்குத்தான்."

பேரன் இதைத் தமிழில் சொல்லத் திணறினான். பாவு, ஊடை என்ற வார்த்தைகள் அவனுக்குத் தெரியாது. துணியில் கை வைத்துக் காட்டினான்; நான் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தேன். அன்று அவனிடம், "பாட்டி சொன்னது தப்புடா" என்றும் சொன்னேன். பேரனிடம் தப்பை ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவு கஷ்டமில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகும் சேதி வந்துகொண்டிருந்தது. 2023-ல் வேறொரு கால்பந்துக் கம்பெனி, லிஸ்பன் பக்கத்து விலா பிராங்கா தி ஷீராவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஆவெஸ் ஊருக்கு வந்து குடியேறியது. ஊர்ப்பெயரை நினைவூட்டும்படி 'ஆ-வே-எஸ்' என்று மூன்றெழுத்தைப் பெயராக வைத்துக்கொண்டது. மறு வருஷமே, 2024-ல், முதல் பிரிவுக்கு ஏறியும் விட்டது. பழைய கிளப் 55 வருஷம் காத்திருந்த படியை இது ஒரே வருஷத்தில் தாண்டியது!

"அவோ இப்போ எந்தக் கட்சி?" என்று டெலிபோனில் பேரனைக் கேட்டேன். அவனுக்குப் பதினாலு வயசு, குரல் உடைந்திருந்தது.

"நானும் கேட்டேன் பாட்டி. 'ஊரில் பந்து உருண்டால் போய்ப் பார்ப்பேன், நன்றாக ஆடினால் கைதட்டுவேன். ஆனால் என் சீட்டில் 1930 என்று போட்டிருக்கிறது' என்றாங்க."

"உன் கட்சி?"

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு, "துணி என்கிட்டேதான் இருக்கு" என்றான்.

போர்ட்டோ பக்கம் போகிறவர்கள், கழுத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பழைய துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு போகும் தமிழ்ப் பையனைப் பார்த்தால், துணியின் ஓரத்தைக் கவனியுங்கள். ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு கொஞ்சம் புதுசாக இருக்கும். அது நான் பொசுக்கிய இடம்.